காற்றிற் கரையாத குரல்: எஸ். ஜி. கிட்டப்பாவின் மேடை வாழ்வும் ஒரு ஜேர்மானியப் பாடகரின் கதையும்

திருஞானசம்பந்தர் திருகோணமலைக்கு வந்தவரல்லர். ஏழாம் நூற்றாண்டிலே, இராமேசுவரத்தில் இருந்தவாறே கோணமாமலையை நினைந்து பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பாடியவர் கடலுக்கு அப்பால் நின்றார். பாட்டு மட்டும் கடலைக் கடந்து இக்கரை சேர்ந்தது. உடல் வராத ஊருக்குக் குரல் வந்து சேரும் என்ற இவ்வுண்மை பக்தி நெறிக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டு என்னும் கருவி இதே செயலை வேறொரு வகையிற் செய்தது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஓர் இல்லத்திலே, பழைய இசைத்தட்டொன்றின் ஒலிப்பதிவை இக்கட்டுரையாளர் முதன்முறையாகக் கேட்டபோது எழுந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பாடுவது ஆணா பெண்ணா என்று முதற்கணத்தில் தெளிய முடியவில்லை. அத்துணை உயரத்தில் அக்குரல் நின்றது. பாடியவர் எஸ். ஜி. கிட்டப்பா என்றும், இருபத்தேழு வயதிலே மறைந்தவர் என்றும் வீட்டிலிருந்த முதியோர் கூறினர். "பாடிப் பாடியே உயிர் போயிற்று" என்றும் ஒரு வாசகத்தைச் சேர்த்தனர். அவ்வாசகம் உண்மைதானா? வரலாறு பயிலும் மாணவன் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மனியில் வாழ்ந்த இசைநாடகப் பாடகர் ஒருவரின் வாழ்வும் இதே வாசகத்தோடு பேசப்பட்டு வருதலைக் காண முடிந்தது. இருவரையும் அருகருகே நிறுத்தி நோக்குவது பயன் தரும் என்ற எண்ணத்தில் எழுந்ததே இவ்வாய்வு.

செங்கோட்டையிலிருந்து மேடைக்கு

கிட்டப்பா 1906 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 25 ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். அந்நாளிற் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956 இலேயே அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். இட்ட பெயர் இராமகிருஷ்ணன். பிள்ளைகள் பலர் நிறைந்த வறிய குடும்பம். அண்ணன்மார் நாடகக் குழுவிற் சேர்ந்திருந்தமையால் கிட்டப்பாவும் பால பருவத்திலேயே அவர்களைப் பின்தொடர்ந்து மேடையேறினார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அவர் குடும்பத்துக்கு உழைக்கும் ஒருவரானார் என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

அக்காலத் தமிழ் நாடகத்தின் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922). தெருக்கூத்தின் பாட்டு வளத்தையும், பார்சி நாடகக் குழுவினர் கொணர்ந்த திரைச்சீலை, பக்கத்தட்டி, மெட்டு ஆகியவற்றையும், கருநாடக இசை மரபையும் ஒருங்கிணைத்து அவர் உருவாக்கிய நாடக வடிவமே இன்று நாம் இசைநாடகம் என்று அழைப்பது. ஒழுக்கங் குறைந்த நடிகரோடு போராடிச் சலித்த அவர், சிறுவர்களை வைத்துக் குழு அமைத்துப் பயிற்றுவித்தார். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் வழங்கிய இக்குழுக்கள் பிற்கால மேடைக்கும் திரைக்கும் நடிகர் பலரை ஈந்தன. அதே வேளையில் பாடம், பயிற்சி, பயணம், இரவுக் கண்விழிப்பு என்று சிறுவரின் இளமை முழுவதையும் அவை எடுத்துக்கொண்டன என்பதும் மறுக்கவியலாதது. குழுவின் பெருமையை எழுதுவோர் இப்பின்பகுதியை எழுதுவதில்லை.

சுவாமிகளின் நாடக மரபிலே தொடங்கிய கிட்டப்பாவின் பயிற்சி, பின்னர் கன்னையா கம்பெனியில் முதிர்ந்தது. காட்சியமைப்பின் பிரமாண்டத்தால் தமிழகத்தை வியப்பில் ஆழ்த்திய குழு அது. அக்குழுவின் 'தசாவதாரம்' நாடகத்தில் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். குருகுலத்தில் இருந்து முறையாகக் கற்றவரல்லர் அவர். கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் செவியும், அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியத் துணையுமே அவருக்குக் கல்வியாயின. இருந்தும் தியாகராசரின் கிருதிகளை நாடக மேடையிலே, சங்கீத வித்துவான்களும் தலையசைக்கும் வண்ணம் பாடினார். சபையில் இருந்த சங்கீதத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைக் கூறின் மிகையாகாது. அரைக் காசு கொடுத்துத் தரையில் அமர்ந்தவனும் நல்ல இராக ஆலாபனையைக் கேட்கும் வாய்ப்பு இவ்வாறே பிறந்தது.

கடல் கடந்த கொட்டகை

தமிழகத்து நாடகக் குழுக்கள் இலங்கைக்கு வந்து ஆடியமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடியது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபின், சென்னையில் புகையிரதம் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வந்து இறங்க முடிந்தது. 'போட் மெயில்' என்று வழங்கிய இவ்வழியிலே வணிகரும் தொழிலாளரும் மட்டுமன்றி, திரைச்சீலைப் பெட்டிகளும் ஆர்மோனியங்களும் ராஜபார்ட் உடைகளும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழி நிலைத்தது.

இவ்வருகையின் விளைவு நம் நாட்டு நாடக மரபில் ஆழப் பதிந்தது. வட்டக்களரியில் ஆடிய கூத்து ஒருபுறம் நிற்க, தகரக் கொட்டகையில் ஒருமுகத் திரைமேடையில் நிகழ்ந்த புதிய வடிவத்தை நம்மவர் 'கொட்டகைக் கூத்து' என்றும் 'டிறாமா' என்றும் அழைத்தனர். வந்தவரைப் பார்த்துக் கற்றவர் பலர். அவ்வழியிலே பிற்காலத்தில் ஈழத்து மேடையை ஆண்டவர் காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989). அவருடைய 'மயான காண்டம்' விடிய விடியப் பார்க்கப்பட்டது. கொழும்பிலே ஜிந்துப்பிட்டிப் பகுதி தமிழ் நாடகத்தோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்தது.

கிட்டப்பாவின் வாழ்விலும் இலங்கைக்கு ஓரிடம் உண்டு. அது திருப்புமுனையான இடம். கொடுமுடியிலே வறிய குடும்பத்தில் 1908 இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், இளமையிலேயே இலங்கை மேடைகளில் பாடிப் புகழ் பெற்றிருந்தார். 1926 இல் கொழும்பில் அவருக்கு இணையாக நடிப்பதற்குக் கிட்டப்பா அழைக்கப்பட்டார். கிட்டப்பாவின் குரலுக்கு முன் அப்பெண் ஈடுகொடுப்பாரா என்று சிலர் ஐயுற்றனர் என்பர். 'வள்ளி திருமணம்' மேடையேறியது. வேலனும் வேடனும் விருத்தனுமாக அவர் பாட, வள்ளியாக இவர் எதிர்ப்பாட்டுப் பாட, ஐயுற்றவர் வாயடைத்தனர். அன்று தொடங்கிய இணை பின்னர்த் தமிழகமெங்கும் ஒப்பற்ற புகழோடு விளங்கியது. கலையில் இணைந்தவர் வாழ்விலும் இணைந்தனர். தமிழ் நாடக வரலாற்றின் மிகப் பெரிய இசையிணை தமிழகத்தில் அன்றி நம் தீவின் கொட்டகையிலே உருவாயிற்று என்பது ஈழத்து நாடக வரலாற்றை எழுதுவோர் இன்னும் விரித்து நோக்க வேண்டிய செய்தியாகும்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. சுந்தராம்பாளைச் சந்திக்குமுன் 1924 இலேயே கிட்டப்பாவுக்குத் திருமணம் நடந்திருந்தது. கிட்டம்மாள் என்னும் அவ்வம்மையார் செங்கோட்டை வீட்டில் இருந்தார். மேடையின் காதற்கதையைப் போற்றிப் பாடும் நம் மரபு, அவ்வீட்டிலிருந்த பெண்ணை ஓர் அடிக்குறிப்பாகவே வைத்துள்ளது. இருவருள் எவருக்கும் அக்காலச் சமூகம் எளிய வழியொன்றைக் காட்டவில்லை.

ஐந்தரைக் கட்டை

கிட்டப்பாவின் குரலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலிற் கூறுவது அவரது சுருதி. ஐந்தரைக் கட்டையில் பாடினார் என்பது வழக்கு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணி வரும் கணக்கு இது. ஒரு கட்டை என்பது மேலைநாட்டார் 'சி' என்று குறிக்கும் சுரம். ஐந்து என்பது 'ஜி'. ஐந்தரை என்பது அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுதல் பொது வழக்கு. பெண் குரலுக்குரிய சுருதியில் ஓர் ஆண் நின்று பாடினார் என்றால், இணைந்து பாடும் பெண்ணுக்காக ஆர்மோனியக்காரர் சுருதியை மாற்ற வேண்டியதில்லை. வள்ளியும் வேலனும் ஒரே சுருதியில் எதிரெதிர் நின்று தர்க்கம் புரியலாம். சுந்தராம்பாளோடு அவர் குரல் இசைந்தமைக்கு இதுவே அடிப்படை.

ஐரோப்பிய இசைநாடகத்தில் உயர்ந்த ஆண்குரலைத் 'தெனோர்' என்பர். கதைத் தலைவன் பாத்திரம் பெரும்பாலும் இக்குரலுக்கே எழுதப்படும். அக்குரலின் பெருமைக்கு எல்லைக்கல்லாக மேலைநாட்டார் கொள்வது உச்சச் 'சி' என்னும் சுரம். ஐந்தரைக் கட்டையைச் சட்சமாகக் கொண்டு தாரத்தாயிச் சுத்த மத்திமத்தைத் தொடுபவன், அந்த உச்சச் 'சி'யையும் தாண்டி அரைச் சுரம் மேலே நிற்கிறான். தெனோர் பாடகன் அச்சுரத்தை ஓரிரவில் ஓரிரு முறை தொட்டால் அரங்கம் ஆர்ப்பரிக்கும். நம் மேடைப் பாடகனுக்கோ அது பாட்டு உலாவும் வெளி.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையிலமர்ந்திருப்பவனுக்குக் கேட்கவில்லையெனில் சீழ்க்கை பறக்கும். தாழ்ந்த குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். உயர்ந்த குரல் அதனைக் கிழித்துக்கொண்டு செல்லும். ஆகவே உயர்ந்த சுருதி என்பது அழகின் பொருட்டு மட்டும் எழுந்ததன்று. கொட்டகையின் தேவையிலிருந்து எழுந்ததுமாகும். கலை வடிவங்களின் தோற்றத்தை ஆராய்வோர் இத்தகைய பௌதிகக் காரணங்களை ஒதுக்கிவிடலாகாது.

அடுத்து நோக்க வேண்டியது ஸ்பெஷல் நாடக முறை. நிலையான குழுவாக அன்றி, புகழ்பெற்ற நடிகரை ஓர் இரவுக்கு ஒப்பந்தஞ் செய்து, வெவ்வேறிடத்து நடிகரை ஒரே மேடையில் நிறுத்துவது அம்முறை. ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் எதிர்நிற்பவர் என்ன இராகம் எடுப்பார், எங்கே மடக்குவார் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. போட்டியே அதன் உயிர். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை நீளும். விரும்பிய பாட்டை மீண்டும் பாடும்படி 'ஒன்ஸ்மோர்' என்று கூவுவது அவையோரின் உரிமையாயிற்று. பாடியவர் பாட வேண்டும். பாடாவிடின் அடுத்த ஒப்பந்தம் வராது. விடிந்ததும் மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் பயணம்.

மியூனிக் நகரத்துத் தெனோர்

இனி ஜேர்மனிக்குச் செல்வோம். லூத்விக் ஷ்னோர் வொன் கரோல்ஸ்பெல்ட் 1836 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் நாள் மியூனிக்கில் பிறந்தார். தந்தையார் யூலியஸ் ஷ்னோர், ஜேர்மனி முழுதும் அறியப்பட்ட ஓவியர். கிட்டப்பாவைப் போல வறுமை இவரை மேடைக்குத் துரத்தவில்லை. கற்றோர் வீட்டிலே பிறந்து, லைப்சிக் இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். கார்ல்ஸ்ரூ அரங்கிலே பாடத் தொடங்கி, 1860 இல் டிரெஸ்டன் அரச அரங்கின் தெனோர் ஆனார். அதே ஆண்டில் தம்மினும் பத்து வயதுக்கு மேல் மூத்தவரான மால்வீனா கரிகேஸ் என்னும் பாடகியை மணந்தார். மேடையில் இணையாகப் பாடியவர் வாழ்விலும் இணைந்த கதை அங்கும் உண்டு.

அக்காலத்தில் ரிச்சட் வாக்னர் 'திரிஸ்தானும் ஈசோல்டவும்' என்னும் இசைநாடகத்தை எழுதி முடித்திருந்தார். அதனைப் பாட ஆள் கிடைக்கவில்லை. வியன்னாவிலே எழுபதுக்கும் மேற்பட்ட ஒத்திகைகளின் பின்னர், பாட இயலாதது என்று கைவிடப்பட்டது. மூன்றாம் அங்கத்திலே, காயமுற்றுக் கிடக்கும் தலைவன் நெடுநேரம் தனித்துப் பாட வேண்டும். பெரும் வாத்தியக் குழுவின் ஒலிக்கு மேலே அக்குரல் எழ வேண்டும். பவேரிய மன்னன் இரண்டாம் லூத்விக்கின் ஆதரவோடு மியூனிக்கில் இதனை மேடையேற்ற வாக்னர் முனைந்தபோது அவர் நம்பியது ஷ்னோரையே. 1865 மே மாதத்தில் நடக்கவிருந்த அரங்கேற்றம் மால்வீனாவின் தொண்டை கட்டியதால் தள்ளிப்போயிற்று. யூன் 10 ஆம் நாள் அரங்கேறியது. திரிஸ்தானாகக் கணவர், ஈசோல்டவாக மனைவி. யூலை முதலாம் நாளுக்குள் நான்கு முறை அந்நாடகம் ஆடப்பட்டது.

யூலை 21 ஆம் நாள் டிரெஸ்டனில் ஷ்னோர் இறந்தார். இருபத்தொன்பது வயது நிறைந்து மூன்று வாரங்கூடக் கழியவில்லை. அவரைத் திரிஸ்தான் கொன்றது என்ற பேச்சு ஐரோப்பாவெங்கும் பரவியது. வாக்னருமே குற்றவுணர்வால் வருந்தினார். பின்னர் எழுதிய நினைவுக்குறிப்பிலே, மூன்றாம் அங்கத்தில் களைத்து வியர்த்துக் கிடந்த வேளை மேடையில் வீசிய குளிர்காற்றைப் பற்றி ஷ்னோர் முறையிட்டமையைக் கூறுகிறார். நோயின் தொடக்கமாகக் கூறப்பட்டது முடக்குவாதம்.

பாட்டா கொன்றது?

கிட்டப்பாவின் முடிவு 1933 டிசம்பர் 2 ஆம் நாள் வந்தது. வயது இருபத்தேழு. குடிப்பழக்கமும் வயிற்று நோயும் அவரைத் தளர்த்தியிருந்தன. சுந்தராம்பாளோடு மனக்கசப்பும் பிரிவும் நேர்ந்திருந்தன. அவ்வாண்டிலே மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி வீழ்ந்தார், அதன்பின் மேடையேறவில்லை. பாடிப் பாடியே உயிர் போயிற்று என்னும் வாசகம் இந்நிகழ்ச்சியிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும்.

இருவர் கதையிலும் பாட்டே கொலையாளி ஆக்கப்படுகிறது. இக்கூற்றைச் சோதித்தற்கு ஓர் எளிய வழி உண்டு. அதே பாட்டை, அதே உயரத்தில் பாடிய பிறருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே அது. 1869 இல் ஹைன்றிக் வோகல் மியூனிக்கிலே தம் மனைவி தெரேசாவுடன் திரிஸ்தானைப் பாடினார். அதன்பின் பல ஆண்டுகள் அப்பாத்திரத்தைப் பாடி, 1900 வரை வாழ்ந்தார். அப்பாத்திரம் பாடுவோனைக் கொல்லும் இயல்பினதாயின் வோகல் எவ்வாறு பிழைத்தார்? நம் பக்கத்திலோ சான்று இன்னும் அருகில் உள்ளது. கிட்டப்பாவுக்கு எதிர்நின்று, அதே இரவில், அதே கொட்டகையில் பாடிய சுந்தராம்பாள் எழுபது வயதைக் கடந்து 1980 வரை வாழ்ந்தார். இறுதிவரை கணீரென்று பாடினார்.

எனவே பாட்டு கொன்றது என்பது பொருந்தாது. ஆயின் எது கொன்றது? ஷ்னோரின் வழக்கில் நோயும், வியர்த்த உடலுக்கு மேடையிலே பாதுகாப்பின்மையும் காரணங்களாகத் தோன்றுகின்றன. கிட்டப்பாவின் வழக்கில் மதுவும் நோயும் வெளிப்படைக் காரணங்கள். ஆனால், மதுவை அவரது தனிப்பட்ட குறையாக மட்டும் எழுதி முடித்தல் வரலாறாகாது. பால பருவத்தில் உழைக்கத் தொடங்கியவர்; வயதுக்கு மீறிய வருவாயும் புகழும் வந்து குவிந்தவர்; பகலில் உறங்கி இரவெல்லாம் விழித்தவர்; ஓய்வு கேட்டால் ஒப்பந்தம் இழப்பவர். இத்தகையோரைச் சூழ்ந்து, களைப்புக்கு மருந்தென மதுவை நீட்டுவோர் எக்காலத்தும் உளர். அதே சூழலில் வாழ்ந்தும் குடியாதவர் பலர் இருந்தனர் என்பது உண்மையே. ஆகவே சூழல் அவரை முற்றாக விடுவித்துவிடாது. எனினும் அவரது வீழ்ச்சியில் கொட்டகை முறைக்கும் பங்குண்டு எனல் பொருந்தும். ஒன்ஸ்மோர் கூவிய கூட்டத்துக்கும் அதிற் சிறு பங்கு உண்டு.

பாடிப் பாடியே உயிர் போயிற்று என்று கூறும்போது நாம் கலைஞனைப் போற்றுவதாக எண்ணுகிறோம். உண்மையில் அவன் உழைப்பின் நிலையை மறைத்துவிடுகிறோம். விதி என்று சொன்னபின் வினவ ஒன்றுமில்லை. உழைப்பு என்று சொன்னாலோ, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம், யாருக்கு இலாபம் என்னும் வினாக்கள் எழும். வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டியவை அவ்வினாக்களே.

எஞ்சியோர்

கணவர் இறந்தபின் மால்வீனாவின் மேடை வாழ்வு நலிந்தது. ஆவியுலகச் செய்திகளில் நம்பிக்கை வைத்து, வாக்னரோடு முரண்பட்டு, நெடுங்காலம் வாழ்ந்து 1904 இல் மறைந்தார். சுந்தராம்பாளின் வழி வேறு. இருபத்தைந்து வயதில் வெள்ளுடை உடுத்தவர் இறுதிவரை அதனைக் களையவில்லை; ஆடவரோடு காதற்பாத்திரம் ஏற்று நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். எனினும் பாட்டை விடவில்லை. 1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திலே நந்தனாராகத் தாமே ஆண்வேடம் பூண்டு நடித்தார்; அதற்கு ஓர் இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார் என்பது அன்று நாடெங்கும் பேச்சாயிற்று. 1953 இல் ஒளவையாரானார். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுக் காங்கிரஸ் மேடைகளிற் பாடிய அவர், சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் அமர்ந்தார். துயரத்தைத் தவமாக்கிக்கொண்டார் என்று எழுதுவது நம் வழக்கம். தம் தொழிலைத் தாமே ஆளும் நிலையை அவர் அமைத்துக்கொண்டார் என்று எழுதுவது இன்னும் பொருத்தமாகும். கிட்டப்பாவுக்குக் கிட்டாத நிலை அது.

குரலைப் பொறுத்தவரையிலோ இருவர் ஊழும் வேறாயின. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877 இல். ஷ்னோர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்த பின். அவர் எவ்வாறு பாடினார் என்பதை வாக்னரின் எழுத்தாலும் பிறர் குறிப்புகளாலும் ஊகிக்கலாமேயன்றிக் கேட்டறிதல் இயலாது. கிட்டப்பாவின் குரலோ இசைத்தட்டுகளில் தங்கியது. இன்று அவற்றைக் கைத்தொலைபேசியிலும் கேட்கலாம். ஆயினும் அத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடுவது. விடிய விடிய விரித்த ஆலாபனையும், எதிர்ப்பாட்டும், அவையோர் ஆரவாரமும் அம்மூன்று நிமிடத்துள் அடங்கா. அவர் நடித்த பேசும்படம் எதுவுமில்லை. 1931 இல் தமிழ்ப் பேசும்படம் வந்து, நடிகர் பலர் மேடையை விட்டுத் திரைக்குச் செல்லத் தொடங்கிய வேளையில் அவர் மறைந்தார். அவர் குரல் காட்டிய வழியிலே எம். கே. தியாகராஜ பாகவதர் போன்றோர் திரையில் நடந்தனர்.

முடிவுரை

ஈழத்துப் பல்கலைக்கழக உலகம் நாடகத்தை ஆராயத் தொடங்கியபோது அதன் பார்வை முதலில் நாட்டுக்கூத்தின் மீது விழுந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் புதுக்கி மேடையேற்றியமை நம் பண்பாட்டு வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அம்முயற்சிக்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் அதன் நிழலில் கொட்டகைக் கூத்து சற்று மறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சங்கீத சபையினர் அதனை நாடகப் பாட்டு என்று ஒதுக்கினர். கூத்து ஆர்வலர் அதனைக் கலப்பு வடிவம் என்றனர். நவீன நாடகத்தார் அதனைப் பழையது என்றனர். மூவரும் ஒதுக்கிய அவ்வடிவத்திலேதான் மூன்று தலைமுறை மக்கள் தம் சங்கீதத்தைக் கேட்டனர்.

கிட்டப்பாவைப் பற்றி எழுதுதற்கு இசைத்தட்டுகள் உள்ளன; சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்துள்ளன; டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' போன்ற நினைவு நூல்கள் அக்கால மேடையை அறிய உதவுகின்றன. நம் பகுதியில் அவர்களைப் பார்த்துக் கற்று, கோயில் வீதிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் பாடியவர்களுக்கு இவற்றுள் எதுவுமில்லை. போரும் இடப்பெயர்வும் பெட்டியிலிருந்த கொப்பிகளை விட்டுவைக்கவில்லை. எஞ்சியிருப்பது முதியோர் சிலரின் நினைவும் குரலும் மட்டுமே. ஒலிப்பதிவுக் கருவி தோன்றாத காலத்தில் இறந்த ஷ்னோரின் குரலை இழந்தமைக்கு ஜேர்மானியரைக் குறை கூற எவருமில்லை. நம் கையிற் கருவி இருக்கிறது. இருந்தும் இழப்போமாயின் அதற்குச் சாட்டு ஏது?

தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றோடு, தத்தம் ஊரில் வாழும் ஒரு முதிய அண்ணாவியாரின், ஓர் ஆர்மோனியக்காரரின் குரலையேனும் பதிந்து வைக்கும் பணியை ஒவ்வொரு மாணவரும் மேற்கொள்வாராயின், அது எந்தக் கட்டுரையினும் பெரிய தொண்டாகும். பாடும்போது அவர் எந்தக் கட்டையில் நின்றார் என்று கேட்பதோடு அமையாது, அவ்விரவுக்கு என்ன ஊதியம் பெற்றார், அடுத்த நாட் காலை எங்கே உறங்கினார் என்றும் கேட்டு எழுதுவோமாக. இராமேசுவரத்திலிருந்து எழுந்த குரல் ஒன்று பதின்மூன்று நூற்றாண்டின் பின்னும் கோணமலையிற் கேட்கிறது. அதனை ஓதிக் காத்தவர் இருந்தமையாலேயே அது கேட்கிறது. காப்பவர் இன்றிக் குரல் எதுவும் நிலைத்ததில்லை.